ஏழாவது பெயர்

ஏழு வெள்ளை அங்கிகளுக்கும் இஸ்திரி போட்டு முடித்தாள் சவேத்தா. ஏழாவதை மடித்து மற்ற ஆறின் மேல் வைக்கப்போன நேரத்தில், சமையலறை மேஜையிலிருந்து அவள் கணவர், சபைப் போதகர் ஓனிசிம் சொன்னார்.

"அது வேண்டாம். ஆறு போதும்."

அவர் தலை நிமிரவில்லை. நேற்றுச் சாயங்காலம் மாவட்டத் தலைநகரிலிருந்து வந்த காகிதம் அவர் முன்னால் கிடந்தது. யாருக்கு ஞானஸ்நானம் கொடுத்தாலும் பட்டியல் முதலில் மத விவகார அலுவலகத்துக்குப் போக வேண்டும். அங்கே முத்திரை விழுந்தால்தான் இங்கே தொட்டியில் தண்ணீர் விழும். இந்த முறையும் முத்திரை விழுந்திருந்தது. ஆனால் ஏழு பெயர்களில் கடைசிப் பெயரின் மேல் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. பக்கத்தில் ஒரே ஒரு சொல். 'ஆசிரியை'.

அந்தப் பெயர் லெத்திட்சியா. அவர்களுடைய ஒரே மகள்.

எட்டு வருஷத்துக்கு முன் இதே போன்ற ஒரு பட்டியலில் அவள் பெயர் இருந்தது. ஞானஸ்நானத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது யாரிடமும் சொல்லாமல் நகராட்சி அலுவலகத்துக்குப் போய், சபைக்கு வெளியே இருக்கும் டோரெலைக் கல்யாணம் செய்துகொண்டாள். டோரெல் டிராக்டர் தொழிற்சாலையில் வெல்டர். கடவுளைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தையும் சொல்லாதவன். அதற்குப் பிறகு ஓனிசிம் மகள் வீட்டுப் படி ஏறவில்லை. போன இலையுதிர் காலத்தில் அவள் தானாகவே வந்து சபையின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆறு மாதம் தவறாமல் வந்தாள். எல்லார் முன்னாலும் தன் விசுவாசத்துக்குச் சாட்சி சொன்னாள். மற்றவர்களை அழைப்பது போலவே ஓனிசிமும் அவளை 'சகோதரி லெத்திட்சியா' என்றுதான் அழைத்தார்.

"அந்த ஆபீஸ் இன்ஸ்பெக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாமே," என்றாள் சவேத்தா.

"முத்திரை போட்டு வந்தாச்சு. அதுக்கு மேல என்ன கேக்கறது? அதிகாரம் யார் கையில இருந்தாலும் அது மேலேர்ந்து வந்ததுன்னு நான்தானே பிரசங்கம் பண்றேன். எனக்குப் பிடிச்ச உத்தரவுக்கு மட்டும் கீழ்ப்படிவேன்னா அதுக்குப் பேர் கீழ்ப்படிதலா?"

அவர் அப்படித்தான். வீட்டில் டைப்ரைட்டர் வைத்திருப்பவர்கள் வருஷா வருஷம் அதைக் காவல் நிலையத்துக்குத் தூக்கிப்போய் யார் எதை அடித்தாலும் அடையாளம் காண வசதியாக எழுத்து மாதிரி அடித்துக் காட்ட வேண்டும் என்று சட்டம் வந்தபோது, சோரெஷ்டி ஊரிலேயே முதல் ஆளாகப் போய் நின்றவர் ஓனிசிம். ஒரு வருஷம் எழுத்தர் விடுமுறையில் இருந்தார். 'அடுத்த வாரம் வாங்க பாஸ்டர்' என்றார்கள். 'கடைசித் தேதி இன்னைக்குத்தானே' என்று டைப்ரைட்டரை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரன், 'போலீஸ்காரன் இல்லாத தெருவிலும் தொப்பியைக் கழற்றுகிற மனுஷன்' என்று சொல்லிச் சிரிப்பான்.

சவேத்தாவுக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரிந்ததில்லை. முப்பத்தோரு வருஷமாக அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசாதவள் அவள். பயம் காரணமில்லை. பிறர் காணாத இடத்திலும் அவர் அதே மனுஷர்தான் என்று அவளுக்குத் தெரியும்.

இன்று மட்டும் இஸ்திரிப் பெட்டியைச் சற்றுச் சத்தமாகவே அடுப்பின் மேல் வைத்தாள்.

"அவகிட்ட யார் சொல்றது?" என்றாள்.

ஓனிசிம் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். சவேத்தா தலைத்துணியைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

*

தொழிற்சாலைக் குடியிருப்பில் லெத்திட்சியாவின் வீடு மூன்றாவது மாடியில். டோரெல் காலை ஷிப்ட்டுக்குப் போயிருந்தான். லெத்திட்சியா வகுப்புப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் பேனாவை மூடினாள்.

"என் பேரை எடுத்துட்டாங்களா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பள்ளிக்கூடத்துல ரெண்டு நாளா யாரும் என்கூட டீ குடிக்கல."

சவேத்தா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். மகள் பெருமூச்சு விடுவாள், பிறகு எழுந்து நடப்பாள், பிறகு அந்தப் பழைய குரல் வரும் என்று காத்திருந்தாள். பத்தொன்பது வயதில் இவள் கதவைச் சாத்திவிட்டுப் போனபோது சுவரில் மாட்டியிருந்த தட்டு விழுந்து உடைந்தது.

"அப்பா என்ன சொல்றார்?" என்றாள் லெத்திட்சியா.

"ஆறு பேர்தான்னு சொல்றார்." சவேத்தா மளமளவென்று தொடர்ந்தாள். "அவர் மேல கோபப்படாதடி. ராத்திரி பூரா அந்த மனுஷன் தூங்கல. புரண்டு புரண்டு படுத்தார். உனக்குத் தெரியுமில்ல, அவருக்கு ஒரு கோடு போட்டா…"

"கோபம் இல்லம்மா."

"என்னது?"

"அப்பா சொன்னா சரி. நாளைக்கு நான் பெஞ்சுல உக்கார்ந்து பாடறேன். அவங்க ஆறு பேரும் இறங்கட்டும்." நோட்டுப் புத்தகங்களை ஒன்றின் மேல் ஒன்றாகச் சீராக அடுக்கினாள். "அவர் சம்மதம் இல்லாம ஒரு தடவை வீட்டை விட்டு வெளியே போனேன். அவர் சம்மதம் இல்லாம தண்ணிக்குள்ளயும் போக மாட்டேன். எப்ப கூப்பிடறாரோ அப்ப வரேன். கூப்பிடலன்னாலும் பெஞ்சு இருக்கு."

சவேத்தா அழுவதற்கென்றே வந்திருந்தாள். சமாதானம் பேசவும் சில வார்த்தைகள் தயாராக வைத்திருந்தாள். எல்லாம் வீணாய்ப் போயிற்று. மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சூப் வச்சிருக்கேன். குடிச்சிட்டுப் போம்மா," என்றாள் லெத்திட்சியா.

*

சபை அவர்கள் வீட்டை ஒட்டியே இருந்தது. மேடையின் பலகைகளைத் தூக்கினால் கீழே சிமெண்டுத் தொட்டி. ஓனிசிம் அதற்குள் முழங்காலிட்டு, மூலையில் ஒட்டியிருந்த பாசியைப் பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"சத்தம் போட்டாளா?"

"இல்ல."

பிரஷ் நின்றது. சவேத்தா மகள் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். பெஞ்சைப் பற்றிச் சொன்னதையும் சேர்த்துச் சொன்னாள்.

ஐம்பத்தெட்டு வயது மனுஷர், கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருக்க, வெறும் தொட்டிக்குள் தரையோடு தரையாக உட்கார்ந்துவிட்டார்.

"லெத்தியா அப்படிச் சொன்னா?"

லெத்தி, எட்டு வருஷமாக இந்த வீட்டில் யார் வாயிலும் வராத செல்லப்பெயர் அது. சவேத்தா கேட்டும் கேட்காதவள் போல நின்றாள். அவசரப்பட்டு எதையாவது சொல்லி அதைக் கலைத்துவிடக் கூடாது என்று இருந்தது.

"அந்த வருஷம் பட்டியல்ல அவ பேரை நான்தான் அடிச்சேன்," என்றார் அவர். "பேனாவை அழுத்திப் பிடிச்சதுல காகிதம் கிழிஞ்சுது. இன்ஸ்பெக்டராவது பென்சில்ல போட்டிருக்கார்."

"நீங்க அப்ப செஞ்சது சபை ஒழுங்குங்க."

"ஒழுங்குதான். ஆனா கோபத்துல செஞ்சேன். கோபத்தை ஒழுங்குன்னு சொல்லிக்கிட்டேன்." கையைத் துடைத்துக்கொண்டார். "நேத்திலேர்ந்து நான் சொல்லிட்டிருக்கறது கீழ்ப்படிதலா, பயமா, அது எனக்கே தெரியல சவேத்தா. ஒண்ணும் கேக்காம கீழ்ப்படியறவ அவ. நான் முத்திரையைப் பாத்ததும் வாயை மூடிக்கிட்டவன்."

அவள் கை நீட்டினாள். அதைப் பிடித்துக்கொண்டு தொட்டியிலிருந்து ஏறி வந்தார்.

"கறுப்புக் கோட்டை எடு. பன்னெண்டே காலுக்கு ரயில் இருக்கு. ஆபீஸ் ரெண்டு மணி வரைக்கும்."

"நானும் வரேன்."

வழக்கமாக இந்த மாதிரி இடங்களுக்கு அவளை அழைத்துப் போக மாட்டார். இன்று தலையை மட்டும் ஆட்டினார்.

*

அவர்கள் ஏறியது மெதுவான ரயில். அது நின்று நின்று போகும் வண்டி. எதிர் இருக்கையில் ஒரு பெண்மணி பையில் இரண்டு கோழிகளோடு தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்," என்றார் ஓனிசிம், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. "வியாழக்கிழமை ரொட்டிக்கடை மூடியிருக்கும்."

சவேத்தாவுக்குக் காது சூடாயிற்று. எட்டு வருஷமாக வியாழக்கிழமைதோறும் ரொட்டி வரிசையில் நிற்கப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் மகள் வீட்டுக்குப் போய் வந்தாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"முதல் வாரத்துலேர்ந்து."

"அப்பறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"சொன்னா நிறுத்த வேண்டியிருக்குமே," என்றார். சிறிது நேரம் கழித்து, "அந்த ரெண்டு மணி நேரமும் நான் கடிகாரத்தைப் பாத்துட்டே இருப்பேன். நீ வந்ததும் உன் முகத்தைப் பார்ப்பேன். அவ நல்லா இருக்காளா இல்லையான்னு அதுலயே தெரிஞ்சிரும்," என்றார்.

சவேத்தா தலைத்துணியின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோழி ஒன்று பைக்குள் முனகியது.

*

இன்ஸ்பெக்டர் க்ரெச்சுவின் இடது கன்னம் வீங்கியிருந்தது. கைக்குட்டையை அதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் இருவரையும் உட்காரச் சொன்னார்.

"பட்டியல்ல ஏதாவது தப்பா, பாஸ்டர்?"

"ஒரு பேர் மேல கோடு விழுந்திருக்கு, தோழர் இன்ஸ்பெக்டர்."

"அது தப்பு இல்ல. அதுதான் சரி."

"அவ என் மகள்."

"தெரியும். அதனாலதான் ரெண்டு நாள் மேஜையிலயே வச்சிருந்தேன். வேற ஆளா இருந்தா அன்னைக்கே அடிச்சிருப்பேன்." பல் வலியில் முகத்தைச் சுளித்தார். "அவங்க டீச்சர். நாப்பது பிள்ளைங்க தினம் அவங்க முகத்தைத்தான் பாக்குது. எனக்கு மேல ஒருத்தர் இருக்கார். அவருக்கு மேல ஒருத்தர். மேல இருக்கறவங்க சொன்னதைக் கேளுங்கன்னு நீங்க ஞாயித்துக்கிழமை சொல்றீங்க. நான் வாரம் பூரா கேக்கறேன். அவ்வளவுதான் வித்தியாசம்."

"அதை இன்னமும் சொல்வேன்," என்றார் ஓனிசிம். "பதினோரு வருஷமா ஒவ்வொரு ஆராதனையிலயும் உங்க பேரைச் சொல்லி ஜெபம் பண்றோம்."

"என் பேரையா?"

"உங்க பேரை. உங்க வீட்டம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப அவங்க பேரையும்."

க்ரெச்சு கைக்குட்டையை எடுத்துப் பார்த்தார். மறுபடி கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"அதை யார் உங்களுக்குச் சொன்னது?"

"நீங்கதான். மூணு வருஷம் முன்னாடி தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதியிருந்தீங்க."

வெளியே டிராம் ஒன்று திரும்பும் சத்தம் கேட்டது.

"எந்தப் பக்கம் நடக்கணும்னு சொல்லுங்க, அந்தப் பக்கம் நடக்கறேன்," என்றார் ஓனிசிம். "டைப்ரைட்டரைக் கொண்டு வான்னா கொண்டு வரேன். ஆனா மனந்திரும்பி வந்த ஒருத்தரைத் தண்ணியில இறங்காதன்னு சொல்ல உங்க மேஜைக்கு அதிகாரம் கிடையாது. என் மேஜைக்கும் கிடையாது. அதை நான் முப்பது வருஷம் முன்னாடியே தெரிஞ்சு வச்சிருக்கணும். இன்னைக்குக் காலையிலதான் தெரிஞ்சுது."

"மிரட்டறீங்களா?"

"இல்ல. தெரிவிக்கிறேன். நாளைக்குப் பத்து மணிக்கு ஏழு பேருக்கு ஞானஸ்நானம். உங்களுக்குத் தெரியாம செஞ்சா அது உங்களை அவமதிக்கற மாதிரி. அதான் நேர்ல வந்தேன். அதுக்கு என்ன தண்டனை உண்டோ, அதை மறுக்க மாட்டேன். அதுல உங்களுக்கு நான் கீழ்ப்பட்டவன்தான்."

க்ரெச்சு நாற்காலியில் சாய்ந்தார். கோபம் வந்ததாகத் தெரியவில்லை. களைப்புதான் தெரிந்தது.

"பாஸ்டர், இதை நீங்க சொல்லாம செஞ்சிருந்தா, நான் பாக்காத மாதிரி இருந்திருக்கலாம். இப்ப என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?"

"உங்க கடமையைத்தான்."

"ஏன் மனுஷங்க இப்படி நேர்மையா இருந்து மத்தவங்களைக் கஷ்டப்படுத்தறாங்கன்னு எனக்குப் புரியல." காகிதம் ஒன்றை இழுத்து எழுதினார். "திங்கக்கிழமை ஒன்பது மணி. உங்க போதகர் உரிம அட்டையோட வரணும்."

"எட்டரைக்கே வந்துடறேன்."

"எட்டரைக்கு இங்க யாரும் இருக்க மாட்டாங்க."

"அப்ப வெளியே உக்கார்ந்திருக்கேன்."

எழுந்தார்கள். கதவருகே போன சவேத்தா திரும்பினாள். அந்த அறையில் அவள் பேசிய ஒரே பேச்சு அதுதான்.

"பல்லுக்குக் கிராம்பு வச்சுக் கடிங்க. வலி அடங்கும்."

"கிராம்பு எந்தக் கடையிலம்மா கிடைக்குது இப்ப," என்றார் க்ரெச்சு. பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்க அட்டையைப் பிடிச்சு வைக்கறது மட்டும்தான் என் கையில. உங்க மகளோட பள்ளிக்கூட வேலை வேற மேஜை. அங்க நான் ஒண்ணும் செய்ய முடியாது. யோசிச்சுக்கங்க."

*

திரும்பி வரும் ரயிலில் ஓனிசிம் தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். ஊர் நெருங்கியபோது சவேத்தாதான் கேட்டாள்.

"அவ வேலை போயிருமாங்க?"

"அதைத்தான் யோசிச்சிட்டிருக்கேன். என்னை நான் எங்க வேணா கொண்டு போய் நிறுத்தலாம். அவளை நிறுத்த எனக்கு என்ன உரிமை?"

"அவகிட்ட கேளுங்க." சவேத்தா தயங்கினாள். முப்பத்தோரு வருஷத் தயக்கம். அதைத் தாண்டிச் சொன்னாள். "அவளுக்கு வீட்டுக்காரர் ஒருத்தர் இருக்கார். அவர்கிட்டயும் கேக்கணும். மனைவி புருஷனுக்கு அடங்கணும்னு நீங்க எத்தனை கல்யாணத்துல பேசியிருக்கீங்க. அந்தப் புருஷன் டோரெல்னா அது செல்லாதா?"

ஓனிசிம் அவளைத் திரும்பிப் பார்த்தார். புதிதாக ஒருத்தியைப் பார்ப்பது போலத்தான் இருந்தது அந்தப் பார்வை.

"இதை ஏன் நீ முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கலியே."

ஸ்டேஷனில் இறங்கியவர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

மூன்று மாடியும் ஏறியதில் அவருக்கு மூச்சு வாங்கியது. மணியை அழுத்தக் கையைத் தூக்கினார், இறக்கினார். சவேத்தா பின்னாலிருந்து எட்டி அழுத்திவிட்டாள்.

கதவைத் திறந்தவன் டோரெல். ஷிப்ட் முடிந்து குளித்து, தலை ஈரமாக நின்றான். மாமனாரைக் கண்டதும் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டான். ஒரு காலில்தான் காலுறை இருந்தது.

"லெத்திட்சியா உள்ள…"

"உங்களைத்தான் பாக்க வந்தேன்," என்றார் ஓனிசிம். தொப்பி கையில் இருந்தது. "நாளைக்குப் பத்து மணிக்கு உங்க மனைவிக்கு ஞானஸ்நானம் கொடுக்கணும். அரசாங்கம் வேண்டாம்னு சொல்லியிருக்கு. அவ வேலைக்கு ஆபத்து வரலாம். உங்க வீட்டு விஷயம் இது. உங்க சம்மதம் இல்லாம செய்ய மாட்டேன்."

டோரெல் ஈரத் தலையைக் கையால் துடைத்துக்கொண்டான்.

"எட்டு வருஷம் முன்னாடி நான்தான் உங்ககிட்ட வந்து கேட்டிருக்கணும்," என்றான். "பயமா இருந்துச்சு. உள்ள வாங்க மாமா."

சமையலறையில் லெத்திட்சியா கையில் துணியோடு சுவரோரம் நின்றாள். யாரும் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. ஓனிசிம் அவள் தலையில் ஒரு நிமிஷம் கை வைத்துவிட்டு, காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் செர்ரிப் பழப்பாகைச் சின்னத் தட்டில் ஒரு கரண்டி எடுத்து வைத்து, பக்கத்தில் தண்ணீர் வைத்தாள். வீட்டுக்கு முதல் தடவை வரும் விருந்தாளிக்கு வைப்பது. அவர் கரண்டியை நக்கித் துடைத்தது போல் சாப்பிட்டார். மத்தியானம் இருவரும் எதுவும் சாப்பிடவில்லை என்பது சவேத்தாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

டோரெல் மட்டும் உட்காரவில்லை.

"சம்மதம் கேட்டீங்க. அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும்," என்றான். பேச்சு மாமனாரிடம், கண் மனைவியிடம். "புதன்கிழமை என்னை பேக்டரி ஆபீசுக்குக் கூப்பிட்டாங்க. ஒரு காகிதம் டைப் பண்ணியே வச்சிருந்தாங்க. என் மனைவி எந்தச் சபையிலயும் சேர மாட்டா, அதுக்கு நான் பொறுப்புன்னு. கையெழுத்துப் போட்டுட்டேன் லெத்தி. உன்கிட்ட சொல்ல வாய் வரல."

தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த லெத்திட்சியாவின் கை நின்றது.

"மீறினா?" என்று கேட்டது ஓனிசிம்.

"இது பேக்டரி வீடு. காலி பண்ணணும்."

குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. லெத்திட்சியா கணவனை ஒன்றும் கேட்கவில்லை, குறை சொல்லவில்லை. துணியை மடித்து மேஜையில் வைத்துவிட்டு, அவன் பக்கத்தில் போய் நின்றாள். சொல்லுங்கள் என்று அவனைப் பார்த்தாள். ஓனிசிமும் அவனைத்தான் பார்த்தார். அந்த அறையில் இருந்த நான்கு பேரில் வேதத்தைத் திறந்தே பார்க்காதவன் அவன் ஒருவன்தான். மற்ற மூன்று பேரும் அவன் வார்த்தைக்குக் காத்திருந்தார்கள்.

டோரெல் தீக்காயத் தழும்புகள் நிறைந்த தன் இரண்டு கைகளையும் மேஜையில் ஊன்றினான்.

"பத்து மணிக்குன்னா," என்றான், "நாங்க ரெண்டு பேரும் இங்கேர்ந்து எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"